சுவர் இல்லாமல் சித்திரமா?
(பெண்கள் சொந்தத் தொழில் தொடங்க எது தடை? – ஒரு விளக்கக் கட்டுரை)

"டிப்ளமா முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?"

இந்தக் கேள்வியை நம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது, "முதல்ல ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில எக்ஸ்பீரியன்ஸ். அப்புறம் சொந்தமா ஒரு பட்டறை" என்பார்கள். இதே கேள்வியை மாணவிகளிடம் கேளுங்கள். "சொந்தமாவா? வீட்ல விடணுமே! விட்டாலும் பணம் யாரு தருவா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நண்பர்களே, தோழிகளே! வொர்க்ஷாப்பில் நாம் எல்லோரும் ஒரே லேத்தில்தான் நிற்கிறோம். ஒரே வெர்னியரைத்தான் பிடிக்கிறோம். அளவு தவறினால் ஜாப் ரிஜெக்ட். அதைக் கடைந்தது ஆணா பெண்ணா என்று வெர்னியர் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, காலேஜ் கேட்டைத் தாண்டியதும் பாதை ஏன் இரண்டாகப் பிரிகிறது?

"பெண்களுக்குத் தைரியம் பத்தாது" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பட்டிமன்றத்தில் கைதட்டல்கூட வாங்கலாம். ஆனால் கணக்குகளை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு. இல்லாதது தைரியம் அல்ல, ஒரு காகிதம். வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா என்று பெண்ணின் பெயர் எழுதிய ஒரு காகிதம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. நம் பெண்களுக்குச் சித்திரம் எழுதத் தெரியும். சுவர்தான் வேறொருவர் பெயரில் இருக்கிறது!

கணக்கு என்ன சொல்கிறது?

2013-14 இல் நம் நாட்டில் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. அதன்படி பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 லட்சம். மொத்தத் தொழில்களில் இது 13.76 சதவீதம்தான். இந்த 80 லட்சத்தில் அதிகப் பங்கு எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்குத்தான்! 13.51 சதவீதத்தோடு முதலிடம்.

பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். நாடு முழுவதும் பெண்கள் நடத்தும் தொழில்களில் 83 சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லை. அதாவது முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. பணம் எங்கிருந்து வந்தது என்றால், 79 சதவீதம் சொந்தப் பணம். நிதி நிறுவனங்களில் கடன் வாங்கித் தொடங்கியவை சுமார் 1 சதவீதம் மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் காசில் தொடங்கினால், கையளவு தொழில்தான் தொடங்க முடியும். கையளவு தொழிலில் மெஷின் வாங்க முடியாது. ஆள் போட முடியாது. பெரிய ஆர்டர் எடுக்க முடியாது. பிறகு ஊர் சொல்கிறது, "லேடீஸ் பிசினஸ்னா ஊறுகாய், அப்பளம், தையல்தானே!" காரணத்தைத் தாங்களே உண்டாக்கிவிட்டு, விளைவைப் பார்த்துச் சிரிப்பது என்பது இதுதான்.

முதல் தடை: பத்திரத்தில் பெயர் இல்லை

ஒரு வங்கி ஏன் பிணை கேட்கிறது? அது கொடுக்கும் பணம் மேனேஜருடைய பணம் அல்ல. ஊரார் டெபாசிட் போட்ட பணம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் எதை விற்று எடுப்பது என்று யோசிக்கத்தான் வேண்டும். அதில் தவறு இல்லை. ஆனால் "வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க" என்று கேட்ட மாத்திரத்தில், ஆணும் பெண்ணும் சமமாக நிற்கும் இடம் மாறிவிடுகிறது. வீடு பெரும்பாலும் அப்பா பெயரில், அண்ணன் பெயரில் அல்லது கணவர் பெயரில். நிலமும் அப்படியே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் விவசாய நில உடைமைகள் சுமார் 14 சதவீதம்தான்.

"சட்டம் சரியில்லையா?" என்று கேட்பீர்கள். சட்டம் எப்போதோ வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989 லேயே திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் 25 க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005 இல் மத்திய அரசு செய்த திருத்தத்தில் அந்தத் தடையும் போனது. 2005 இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? கல்யாணத்துக்குப் போட்ட நகையையும் சீரையும் காட்டி, "உனக்குத்தான் எல்லாம் செஞ்சாச்சேம்மா" என்பார்கள். பிறகு ஒரு நாள் சார்பதிவாளர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அண்ணன் மனசு கஷ்டப்படக்கூடாது, பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக்கூடாது என்று பெண்ணும் படித்துப் பார்க்காமலே போட்டுவிடுகிறாள். அன்றைக்குக் கை நழுவிப்போனது நிலம் மட்டும் அல்ல. பத்து வருடம் கழித்து வங்கியில் வைக்க வேண்டிய பிணையும்தான்.

இரண்டாம் தடை: நடுவில் ஒரு பள்ளம்

"ஏன், மகளிர் குழுவில் கடன் தர்றாங்களே? நகைக் கடன் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. உபயோகமாகவும் இருக்கிறது. நம் மாநிலத்தில் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழு முயற்சிதான் பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. 1992 இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களைக் கந்து வட்டிக்காரனிடமிருந்து காப்பாற்றியது இந்தக் குழுக்கள்தான்.

ஆனால் குழுக் கடன் சின்னக் கடன். வாங்கிய சில நாட்களிலேயே தவணை தொடங்கிவிடும். பால் மாடு வாங்கினால் மறுநாளே பால் கறக்கலாம், தவணை கட்டலாம். ஒரு மில்லிங் மெஷின் வாங்கினால்? ஃபவுண்டேஷன் போட்டு, கரண்ட் கனெக்ஷன் வாங்கி, ட்ரையல் பார்த்து, ஆர்டர் பிடித்து, பில் போட்டு, அந்தப் பணம் கைக்கு வர மாதக் கணக்காகும்.

நகைக் கடனும் அப்படித்தான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும். மெஷினோ தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்க நான்கைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடக் கடனில் ஐந்து வருட மெஷின் வாங்கினால், வட்டி கட்டிக் கட்டி நகையைத் திருப்பித் திருப்பி வைப்பதே தொழிலாகிவிடும்.

முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. அதில் கடன் பெற்ற கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது. நல்ல செய்திதான். ஆனால் முத்ரா கடன்களில் பெரும்பாலானவை 'சிசு' என்னும் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட வகை. ஐம்பதாயிரத்தில் இட்லிக் கடை வைக்கலாம். சி.என்.சி. மெஷின் வைக்க முடியுமா?

ஆக, கீழே ஐம்பதாயிரம் கிடைக்கிறது. மேலே, சொத்து உள்ளவர்களுக்குக் கோடியில் கிடைக்கிறது. நடுவில் பத்து லட்சம், இருபது லட்சம் தேவைப்படும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம். டிப்ளமா படித்த பெண் போய் நிற்பது சரியாக அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான்!

மூன்றாம் தடை: "சார் வரலையா?"

எங்கள் தெருவில் ஒரு அக்கா தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஆர்டர் கூடியதும் பவர் மெஷின் ஆறு வாங்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனார். கொட்டேஷன், மூன்று வருட வரவு செலவு நோட்டு எல்லாம் கையில். மேனேஜர் நோட்டைப் பிரிக்கவே இல்லை. "சார் வரலையாம்மா? அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்றாராம். அந்த 'சார்' ஒரு கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது!

இது நம் ஊர்க் குணம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சந்திரனில் 1969 இல் மனிதனை இறக்கிய அமெரிக்காவிலேயே, ஒரு பெண் தொழில் கடன் வாங்க ஆண் உறவினர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிலை சில மாநிலங்களில் 1988 வரை இருந்தது. அந்த ஆண்டு வந்த பெண்கள் தொழில் உடைமைச் சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

சட்டம் மாறிய பிறகும் கேள்விகள் மாறவில்லை. நியூயார்க்கில் நடந்த ஒரு போட்டியில், புதிய தொழில் தொடங்குகிறவர்களிடம் முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளை டானா கான்ஸே என்பவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2017 இல் எழுதினார்கள். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் "எவ்வளவு தூரம் வளருவீர்கள்?" என்ற ரகம். பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் "நஷ்டம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்ற ரகம். பெண் முதலீட்டாளர்களும் இதே மாதிரிதான் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வளர்ச்சி பற்றிக் கேட்டால் வளர்ச்சி பற்றிப் பதில் வரும். நஷ்டம் பற்றியே கேட்டால் பதிலும் அதைச் சுற்றியே வரும். பிறகு "இவங்களுக்குப் பெரிய பிளான் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்!

நான்காம் தடை: வீடும் நேரமும்

2024 இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால், ஆறு நாளில் பதினெட்டு மணி நேரம். இரண்டு ஷிஃப்டுக்கு மேல் ஆச்சு! கஸ்டமரைப் போய்ப் பார்க்க, பர்ச்சேஸ் ஆபீஸரிடம் பேச, சங்கக் கூட்டத்துக்குப் போக, ரேட் விசாரிக்க... எல்லாம் அந்த நேரத்தில்தானே நடக்க வேண்டும்?

அடுத்தது கல்யாணம். இருபத்தொரு வயதுப் பெண் ஐந்து வருடக் கடன் கேட்டால், வங்கி மனதுக்குள் நினைப்பது: "கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா?" வீடு வாய்விட்டே கேட்பது: "பொண்ணு பேர்ல கடனா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க?" ஆனால் அதே வீடு அதே பெண்ணின் கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கத் தயங்காது. மண்டபத்தில் ஒரு நாளில் கரையும் பணம், ஒரு பட்டறையின் முதலாக இருந்திருக்கலாம். இதை எந்த வீட்டிலும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் தடை: பில் போட்டாச்சு, பணம் எங்கே?

கடன் கிடைத்து, மெஷின் ஓடத் தொடங்கினாலும் கதை முடிவதில்லை. ஒரு சின்ன உதாரணம். கூலி, கரண்ட், டூல் எல்லாம் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. மூன்று மாதச் செலவு 2,40,000 ரூபாயை நாம்தான் கையிலிருந்து போட வேண்டும். வங்கித் தவணை தனி! இதற்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம், அதாவது வொர்க்கிங் கேபிடல். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மெஷின் விலையைச் சரியாகப் போட்டுவிட்டு, இதை ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் அநேகம். ஆண்கள் அவசரத்துக்கு நண்பர்களிடமோ சீட்டு எடுத்தோ புரட்டிவிடுவார்கள். பெண்ணுக்கு அந்த வட்டாரம் சிறியது. ஆகவே நல்ல ஆர்டர் கையில் இருக்கும்போதே யூனிட் மூடப்படுகிறது.

2006 ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளைத் தாண்டி பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இந்த உரிமை வேண்டுமானால் 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவைச் செய்து வைத்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

சுவரைத் தாங்களே கட்டியவர்கள்

இத்தனை தடைகளையும் தாண்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எப்படித் தாண்டினார்கள் என்று பார்த்தால் நமக்கும் வழி தெரியும்.

1959 மார்ச்சில் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத் பப்பட்.

1974 இல் அகமதாபாத்தில் இளா பட் தலைமையில் 'சேவா' சங்கப் பெண்கள் நாலாயிரம் பேர், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் என்ன? புகைப்படம் எடுத்து அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1978 இல் நம் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் இயக்கமும் இதே பாதையில் போனதுதான்.

நம்மைப் போலத் தொழில்நுட்பம் படித்த ஒருவரையும் பார்ப்போம். பெங்களூரைச் சேர்ந்த கிரண் மஜும்தார், பீர் தயாரிக்கும் படிப்பை ஆஸ்திரேலியாவில் 1975 இல் முடித்துவிட்டு வந்தார். பெண் என்பதால் இங்கே அந்த வேலைக்கு யாரும் எடுக்கவில்லை. 1978 இல் ஒரு வாடகை வீட்டுக் காரேஜில் 10,000 ரூபாய் முதலில் என்சைம் தயாரிக்கும் பயோகான் கம்பெனியைத் தொடங்கினார். வங்கிகள் தயங்கின, ஒரு பெண்ணிடம் வேலை பார்க்க ஆட்களும் தயங்கினார்கள். இன்று அது உலகம் அறிந்த மருந்துக் கம்பெனி.

இவர்கள் எல்லோரும் சாதித்தவர்கள்தான். ஆனால் "அவங்க சாதிக்கலையா, உன்னால முடியாதா?" என்று மேடையில் பேசிவிட்டுப் போவது நியாயம் இல்லை. லட்சத்தில் ஒருத்தி தாண்டினாள் என்பதற்காகப் பள்ளத்தை அப்படியே விட்டுவைக்கலாமா? பாலம் கட்ட வேண்டாமா?

பாலம் இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. ஆனால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணைச் சொத்து கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010 லேயே உத்தரவு போட்டுவிட்டது.

இரண்டு: அதற்கு மேல் போனால், மத்திய அரசும் சிட்பியும் 2000 ஆம் ஆண்டில் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை உண்டு. நாம் கட்டாவிட்டால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கை அது ஏற்கும். பெண்களின் தொழில் என்றால் 90 சதவீதம் வரை ஏற்கிறது. அதாவது, நமக்கு இல்லாத சுவரை அரசே எழுப்பித் தருகிறது.

மூன்று: தமிழக அரசு 2012-13 இல் தொடங்கிய 'நீட்ஸ்' திட்டம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. டிப்ளமா படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். திட்டச் செலவில் 25 சதவீத மானியமும், வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. சொந்தப் பங்கு பொதுப் பிரிவு ஆண்களுக்கு 10 சதவீதம், பெண்களுக்கு 5 சதவீதம்.

நான்கு: 2008 இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம். 2025-26 வரைக்கும் வகுத்த விதிப்படி, நகர்ப்புறத்தில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாயில் உற்பத்தி யூனிட் போடுகிறார் என்றால்:

சொந்தப் பணம் 5 சதவீதம் – 1 லட்சம்.
வங்கி தருவது – 19 லட்சம்.
மானியம் 25 சதவீதம் – 5 லட்சம்.

பொதுப் பிரிவு ஆணாக இருந்தால் சொந்தப் பணம் 2 லட்சம். மானியம் 3 லட்சம்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும். அந்தத் தொகைக்கு நமக்கு வட்டி இல்லை, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். யூனிட் ஒழுங்காக ஓடினால் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே 14 லட்சத்துக்குத் தவணை என்று கணக்கு வையுங்கள். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 30,400 ரூபாய். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்! அந்த மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை ஜாப் ஓட்டினால் இந்த ஆயிரம் வரும்? சைக்கிள் டைம் கணக்கு போடத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கா என்ன?

விதிகளும் தொகைகளும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பாலத்தில் ஓட்டை போடுகிறவர்கள்

இங்கே மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்குச் சலுகை என்றதும், "அம்மா பேர்ல போட்டுடலாம்டா", "தங்கச்சி பேர்ல லோன் எடுத்துக்கலாம்" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். கையெழுத்து அவளுடையது, பட்டறை இவனுடையது. தொழில் ஓடினால் லாபம் இவனுக்கு. நின்றுபோனால் நோட்டீஸ் அவளுக்கு! அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் கெட்டுப்போகும். பிறகு அவள் உண்மையாகவே தொழில் செய்ய நினைத்தாலும் எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காது. இன்னொரு தீங்கும் உண்டு. இப்படி நாலு பேர் செய்வதால்தான், ஐந்தாவதாக வரும் உண்மையான பெண்ணிடமும் மேனேஜர் "நெஜமா யாரும்மா நடத்தப் போறது?" என்று சந்தேகமாகக் கேட்கிறார். தங்கையின் பெயரைக் கடன் வாங்காதீர்கள். தங்கை தொழில் செய்யக் கேட்டால் ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள். அதுதான் அண்ணன் செய்யும் சீர்!

நாம் இப்போதே செய்யக்கூடியவை

தோழிகளே! தொழில் தொடங்க இன்னும் ஐந்து வருடம் ஆகலாம். ஆனால் சுவரை இன்றே கட்டத் தொடங்கலாம்.

1. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. அப்ரண்டிஸ் ஸ்டைபண்ட், சம்பளம் எல்லாம் அதில் வரட்டும். ஏ.டி.எம். கார்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

2. வேலைக்குப் போனதும் மாதம் 3,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் போட்டால் மூன்று வருடத்தில் முதல் மட்டும் 1,08,000 ரூபாய். மேலே பார்த்த 20 லட்சம் யூனிட்டுக்குச் சொந்தப் பணம் தயார்!

3. கம்பெனியில் மெஷினை மட்டும் கற்றுக்கொண்டு வராதீர்கள். கொட்டேஷன் எப்படிப் போடுகிறார்கள், மெட்டீரியல் எங்கே வாங்குகிறார்கள், பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருகிறான் என்பதையும் கவனியுங்கள்.

4. புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஏஜெண்டிடம் காசு கொடுத்து வாங்காதீர்கள். நீங்களே எழுதுங்கள். குறைந்தது மூன்று மாத நடைமுறை மூலதனம் போடுங்கள். மேனேஜர் கேள்வி கேட்டால் உங்கள் வாயிலிருந்தே பதில் வர வேண்டும்.

5. நஷ்டத்தைப் பற்றியே கேட்கிறார்களா? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, "சார், ரெண்டாவது வருஷம் எவ்வளவு டர்ன்ஓவர் வரும்னு இந்தப் பக்கத்துல போட்டிருக்கேன், பாருங்க" என்று பேச்சைத் திருப்புங்கள்.

6. வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "முடியாது"க்கு மேல்முறையீடு இல்லை. எழுதிய "முடியாது"க்கு மேலதிகாரி இருக்கிறார்.

7. கடைசியாக, முக்கியமாக: எந்தப் பத்திரத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது விடுதலைப் பத்திரமாக இருந்தாலும் சரி, வேறொருவர் தொழிலுக்கான கடன் பத்திரமாக இருந்தாலும் சரி.

நம் மாணவர் மன்றமும் ஒன்று செய்யலாம். வருடத்துக்கு ஒரு நாள் மாவட்டத் தொழில் மைய அதிகாரி ஒருவரையும், சொந்தமாக யூனிட் நடத்தும் பெண் ஒருவரையும் அழைத்து இறுதியாண்டு மாணவிகளோடு பேசச் சொல்லலாம். ஆடிட்டோரியம்கூட வேண்டாம், டிராயிங் ஹால் போதும். பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், ஒரு கடன் விண்ணப்பத்தை வரிக்கு வரி நிரப்பிக் காட்டச் சொல்ல வேண்டும்.

இந்த மலரை அலமாரியில் போட்டுவிட்டு, பல வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது நம்மில் பலர் எங்கெங்கோ இருப்போம். அப்போது ஏதாவது ஒரு சிட்கோ எஸ்டேட்டில் ஒரு ஷெட். போர்டில் புரொப்ரைட்டர் என்ற இடத்தில் நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயர். உள்ளே நான்கு மெஷின், ஆறு தொழிலாளிகள். வங்கிக் கடன் புத்தகத்திலும் அவள் பெயர், கரண்ட் பில்லிலும் அவள் பெயர். அந்தப் பெயர் அங்கே வர வேண்டுமானால், எழுத வேண்டிய விண்ணப்பத்தை எழுதவும், போடக்கூடாத கையெழுத்தை மறுக்கவும் இப்போதே பழக வேண்டும்.

– இறுதியாண்டு மாணவி, இயந்திரவியல் துறை